குடியுரிமை இல்லாதவனுக்கு அரச லோயர்: ஒன்ராறியோ சட்ட உதவி பற்றிக் கொக்குவிலில் இருந்து ஒரு மதிப்பீடு

ஐந்துக்கு நான்கு புள்ளி. சேவையின் பெயர் லீகல் எயிட் ஒன்ராறியோ. வசதி குறைந்தவர்களுக்கு அரச பணத்தில் லோயர் ஒழுங்கு செய்து கொடுக்கும் கனடா மாகாண நிறுவனம். வழக்கு என் தங்கச்சியின் மகன் மேல். அவர்கள் ரொறன்ரோ ஸ்காபரோவில், நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் படிவம், கடிதம், சத்தியக் கடதாசி என்று எந்த அலுவல் வந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தம் முழுக்க என்னைத்தான் தேடும். இதுவும் அப்படி வந்ததுதான்.

பெறாமகன் ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு போனவன். நிரந்தர வதிவிடம் உண்டு, குடியுரிமை இல்லை. "அடுத்த வருஷம் எடுப்பம்" என்று தகப்பன் சொல்லிச் சொல்லியே பொடியனுக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் வாய்த்தர்க்கம், கைகலப்பு, கையில் இருந்த கிளாஸ் மற்றவனின் நெற்றியில். தையல் போடும் அளவுக்குக் காயம். ஆயுதத்தால் தாக்கியது, உடற்காயம் விளைவித்தது என்று பொலிஸ் குற்றம் பதிந்தது. கிளாஸ் என்ன ஆயுதமோ என்று தங்கச்சி கேட்டாள். அடித்தால் அதுவும் ஆயுதம்தான்.

கைதான இரவிலேயே சேவை தொடங்கிவிடுகிறது. பொலிஸ் நிலையத்தில் இருந்தபடியே ஒரு லோயருடன் தொலைபேசியில் இலவசமாகக் கதைக்கலாம். கனடா உச்ச நீதிமன்றம் 1990 இல் பிரிட்ஜஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, இப்படி ஒரு வசதி உண்டென்று பிடிபட்டவனுக்குப் பொலிஸே சொல்ல வேண்டும். அவனுக்கும் சொன்னார்கள். அந்த லோயர் சொன்ன புத்தி ஒன்றுதான்: பெயர், விலாசத்துக்கு மேல் ஒன்றும் கதைக்காதே. பொடியன் வாயை மூடிக்கொண்டு இருந்தான். அவன் பிறந்ததில் இருந்து வாயை மூடியிருந்த முதல் இரவு அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் பிணைக் கோட். அங்கே காலை பத்து மணி என்றால் கோடை காலத்தில் எங்களுக்கு இரவு ஏழரை. வாட்ஸப்பில் தங்கச்சியின் அழுகை, பின்னால் கோட் வாசல் சத்தம். அந்த வாசலிலேயே டியூட்டி கவுன்சில் என்று சட்ட உதவியின் லோயர் ஒருவர் நிற்பார். அன்றைக்கு லோயர் இல்லாமல் வருகிற ஆட்களுக்காக நிற்பவர், காசு கிடையாது. அவர் தங்கச்சியிடம் கேட்ட முதல் கேள்வி, "மகன் சிட்டிசனா?" என்ன செய்தான், ஏன் செய்தான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் நான்கு புள்ளியில் பாதி அந்தக் கேள்விக்கு. அது ஏன் முதல் கேள்வி என்பது எனக்கும் பிறகுதான் விளங்கியது.

பிணைக்குத் தங்கச்சியே ஆள் நின்றாள். காசு கட்டச் சொல்லவில்லை. பொடியன் நிபந்தனையை மீறினால் இவ்வளவு தருவேன் என்று உறுதி கொடுத்தால் போதும். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டார்கள். அது சலுகை இல்லை, அவர்களுடைய உரிமைச் சாசனத்தின் 14 ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

இனித்தான் சிக்கல். பொடியன் வீட்டுக்கு வந்த கிழமையே, தெரிந்தவர் ஒருவர் சொல்லித் தங்கச்சி ஒரு குடிவரவு ஆலோசகரிடம் போனாள். பெயர் வேண்டாம். தமிழர்தான், கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், சாமிப்படத்துக்கு மாலை எல்லாம் உண்டு. அவர் சொன்னது: "அக்கா, முதல் வழக்குத்தானே. குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கோ. மறியல் கிடைக்காது. ஒரே நாளில் அலுவல் முடியும். லோயரையும் நாங்களே பிடித்துத் தாறம்." மூவாயிரம் டொலர். தங்கச்சிக்கு நிம்மதி. எனக்கும் கேட்கும்போது சரி போலத்தான் இருந்தது. மறியல், அதாவது சிறை, இல்லை என்றால் வேறென்ன வேண்டும்?

குடிவரவு ஆலோசகர் கிரிமினல் வழக்கில் வாயே திறக்கக்கூடாத ஆள். அவருடைய அனுமதிப் பத்திரம் குடிவரவுக்கும் குடியுரிமைக்கும் மட்டும்தான். 2021 நவம்பரில் இருந்து அவர்களைக் கண்காணிக்கக் கல்லூரி என்ற பெயரில் ஒரு ஒழுங்குமுறைச் சபையும் இயங்குகிறது. அது ஒரு பக்கம். ஆனால் குடிவரவு தெரிந்த மனிசனே குடிவரவில்தான் பிழை விட்டார். அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 36 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிரந்தர வதிவிடம் உள்ளவரை "பாரதூரமான குற்றச்செயல்" என்று நாட்டை விட்டு அனுப்ப, கனடாவுக்குள் செய்த குற்றம் என்றால், அதில் இரண்டு வழி. ஆறு மாதத்துக்கு மேல் மறியல் கிடைத்தால் ஒன்று. மற்றது, மறியலே கிடைக்காவிட்டாலும், குற்றவாளி ஆன அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் உள்ள உச்சத் தண்டனை பத்து வருடமோ அதற்கு மேலோ என்றால். எனவே நீதவான் பாவம் பார்த்து ஒரு நாள்கூட உள்ளே போடாமல் விட்டாலும், குற்றத்தின் பெயர் பிழை என்றால் விமானம் ஏற வேண்டிவரலாம். காயம் விளைவித்த தாக்குதலுக்கு உச்சம் பத்து வருடம். வெறும் தாக்குதல் என்றால் உச்சம் ஐந்து வருடம்தான். ஆலோசகர் சொன்னபடி ஒத்துக்கொண்டிருந்தால் பொடியன் மறியலுக்குப் போயிருக்க மாட்டான், கட்டுநாயக்காவுக்குப் போயிருக்கக்கூடும்.

குடிக்கிற ஆட்கள் இதையும் படியுங்கள். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு அங்கே முன்பு உச்சம் ஐந்து வருடம். 2018 டிசம்பர் 18 இல் இருந்து அது பத்து. அபராதம் கட்டிவிட்டு வரலாம் என்று நினைக்கிற நிரந்தர வதிவிடக்காரர் எத்தனை பேர் எங்கள் சனத்தில்!

சட்ட உதவிக்கு விண்ணப்பித்தால், வருமானத்தையும் வழக்கின் பாரத்தையும் பார்த்துச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அதைக் கொண்டுபோய், சட்ட உதவிப் பட்டியலில் உள்ள தனியார் லோயர்களில் எங்களுக்குப் பிடித்த ஒருவரிடம் கொடுக்கலாம். அவருடைய கூலியை நிறுவனம் கட்டும். பொடியன் பகுதி நேரமாக ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கியபடி படித்துக்கொண்டிருந்ததால் வருமானச் சோதனையில் தேறிவிட்டான். விண்ணப்பம் தொலைபேசியில்தான், தமிழுக்கு மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுத்துக் கொடுக்கிறார்கள். கேள்விகள் நேரானவை. ஒரே விபரத்தை மூன்று இடத்தில் எழுத வைக்கும் எங்கள் கச்சேரிப் புத்தி அங்கே குறைவு. முதலில் போன லோயர் அலுவலகம் சான்றிதழ் எடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டது. அரசாங்கம் கட்டும் கூலி சந்தைக் கூலியை விடக் குறைவு, அதனால் எல்லாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு பெண் லோயர் எடுத்தார்.

அவர் என்னுடனும் வாட்ஸப்பில் கதைத்தார். பக்கத்தில் தமிழ் தெரிந்த உதவியாளர். ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு இழுத்து, இடப்பக்கம் குற்றத்தின் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் வருகிற குடிவரவு விளைவு என்று எழுதிக் கமராவுக்குக் காட்டினார். இரண்டு பெயருக்குக் குறுக்குக் கோடு, ஒன்றைச் சுற்றி வட்டம். "எனக்கு இந்த வட்டம் வேண்டும். தண்டனை ஒரு மாதம் கூடினாலும் பரவாயில்லை, பெயர் இதுவாக இருக்க வேண்டும்" என்றார். தண்டனையைக் கூட்டினாலும் பரவாயில்லை என்று சொன்ன லோயரை நான் அதற்கு முதல் கண்டதில்லை. ஆனால் ஆறு மாதத்தைத் தொட விடமாட்டேன் என்றும் சொன்னார். ஆறு மாதமோ அதற்கு மேலோ மறியல் கிடைத்து நாடு கடத்தல் கட்டளையும் வந்தால், குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையே இல்லாமல் போய்விடும். 2013 வரை அந்த எல்லை இரண்டு வருடமாக இருந்தது, பிறகு ஆறு மாதமாக இறக்கினார்கள். அதே 2013 இல்தான் ஃபாம் வழக்கு. இரண்டு வருடத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு நாள் குறைத்தது, அந்த ஆளுக்கு மேன்முறையீட்டு உரிமை தப்பட்டும் என்று. தண்டனை தீர்மானிக்கும்போது குடிவரவு விளைவையும் பார்க்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

"தெரியாமல் ஒத்துக்கொண்டேன், மாற்றித் தாருங்கள்" என்று பிறகு போகலாமே என்று நான் கேட்டேன். போகலாம். 2018 இல் வொங் என்பவர் அப்படித்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார். குடிவரவு விளைவை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதை நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் தெரிந்திருந்தால் வேறு விதமாக முடிவெடுத்திருப்பேன் என்று அவர் காட்டவில்லை என்று சொல்லி அவரைத் தோற்கடித்துவிட்டது. முதலே கேட்பதுதான் வழி.

சரி, எனக்கு வந்த வேலை கடிதங்கள். பொடியனின் குணத்தைப் பற்றி ஊரில் இருந்து நான்கைந்து கடிதம் வேண்டும், அரச வழக்கறிஞருடன் பேரம் பேச உதவும், பிறகு குடிவரவு அதிகாரி கேட்டாலும் கையில் இருக்கும் என்றார் லோயர். நான் உடனே ஒரு மாதிரிக் கடிதம் அடித்து அனுப்பினேன்: நல்ல குடும்பத்துப் பிள்ளை, பக்தியுள்ளவர், பெரியோரை மதிப்பவர். திரும்பி வந்த பதிலில், இதை எறியுங்கள் என்பதை மரியாதையாக எழுதியிருந்தார்கள். கடிதம் எழுதுகிறவர் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். அதோடு, அவன் மேல் என்ன குற்றச்சாட்டு என்பது தனக்குத் தெரியும் என்று அவரே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்குக் கோட்டில் பெறுமதி இல்லை.

இங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. யாழ்ப்பாணத்தில் கனடாப் பிள்ளைக்குப் பிரச்சினை என்று ஒருவருக்கும் சொல்ல மாட்டோம். இருமல் வந்தாலே மறைக்கிற ஆட்கள். இப்போது பொடியன் கிளாஸால் ஒருவனின் நெற்றியை உடைத்தான் என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். முதலில் சனசமூக நிலையத் தலைவரிடம் போனேன். கரப்பந்து மைதானத்து லைட்டுக்குப் பொடியன் காசு அனுப்பியவன், அது அவருக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் மனிசன் கொஞ்ச நேரம் பத்திரிகையை மடித்து மடித்து வைத்தார். பிறகு, "லைட்டுக்கு அனுப்பினது உண்மை. மற்றதையும் எழுதத்தான் வேணும் என்றால் எழுதுவம்" என்றார். எழுதினார். வந்த கடிதங்களில் அதுதான் சிறந்தது என்று லோயர் சொன்னார், ஏனென்றால் அதில் ஒரு புகழ்ச்சிகூட இல்லை. எந்த மாதம் எவ்வளவு அனுப்பினான், பெயர்ப்பலகை வேண்டாம் என்று சொன்னான், அவ்வளவுதான்.

அம்மாவின் மருத்துவரும் எழுதினார். அம்மாவுக்கு மாதாமாதம் மருந்துக் காசு பொடியன்தான் அனுப்புகிறான் என்று ரசீதுகளோடு. ஜீ.எஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) வதிவுக் கடிதம் எடுத்தபோது அதில் பொடியனின் பெயர் ஒரு எழுத்து மாறி வந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, கனடா அட்டையில் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, தமிழில் இருந்ததை எல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, கூரியரில் போட்டேன். ஸ்கான் பண்ணி அனுப்பினால் போதாதா என்று கேட்காதீர்கள், மூலப்பிரதி கையில் இருப்பது நல்லது என்றார்கள்.

வெளிநாட்டவனுக்கு லோயர் என்பது எங்களுக்குப் புதுக்கதை இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எல்லை தாண்டி வந்து பிடிபடும் தமிழ்நாட்டு மீனவர்களை ஊர்காவற்றுறை நீதவான் முன்னால் கொண்டுவரும் செய்தியை நாங்கள் வாசித்துக்கொண்டுதானே இருக்கிறோம். அவர்கள் மேலும் இரண்டு வகைச் சட்டம் பாய்கிறது. குடிவரவுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் மற்றது. 2010 இல் யாழ்ப்பாணத்தில் திறந்த இந்தியத் துணைத் தூதரகம் அவர்களுடைய அலுவலைப் பார்க்கிறது. எங்கள் கடலில் வலையை அறுத்துவிட்டுப் போகிறவனுக்கு லோயர் எதற்கு என்று நானும் பேசியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். எங்கள் நாட்டுக்காரருக்கும் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழு உண்டு, யாழ்ப்பாணத்திலும் அதற்கு நிலையம் இருக்கிறது. காசில்லாமல் தவிக்கிற எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கதை.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனி இதைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அங்கே கிரிமினல் வழக்குக்கு அரச லோயர் உண்டு. அந்த லோயர் நாடு கடத்தும் ஆபத்தைக் கட்சிக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று 2010 இல் படில்லா வழக்கில் தீர்ப்பும் உண்டு. ஆனால் குடிவரவு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், அரச செலவில் லோயர் கேட்கும் பொதுவான உரிமை கிடையாது. நியூயோர்க் நகரம் 2013 இல் தன் காசில் ஒரு திட்டம் தொடங்கியதுதான், தடுப்பில் இருந்து வழக்காடுகிறவர்களுக்கு அந்த நாட்டில் அப்படி வந்த முதல் திட்டம்.

இனி நான் பிடித்து வைத்த அந்த ஒரு புள்ளி. சட்ட உதவியின் கிரிமினல் சான்றிதழ் கிரிமினல் வழக்குக்கு மட்டும்தான். குடிவரவு அலுவல் வந்தால் அதற்கு வேறு விண்ணப்பம். எங்கள் லோயர் தனக்குத் தெரிந்த குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டுக் கேட்டு நடந்தார், அது அவருடைய நல்ல குணம். எல்லா லோயரும் அப்படி இருப்பார்களா? வருமான எல்லையும் தாழ்வு. தாயும் தகப்பனும் தொழிற்சாலையில் இரவு பகலாக நின்று உழைக்கிற குடும்பம் எல்லையைத் தாண்டிவிடும், ஆனால் தனியார் லோயருக்குக் கட்ட ஏலாது. கொஞ்சம் கூட உழைப்பவர்களுக்குத் தவணையில் திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் உண்டு என்பது ஒரு ஆறுதல். அதைவிட, இந்தச் சேவை அரசியல்வாதிகளின் கையில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஒன்ராறியோ அரசாங்கம் ஒரே வெட்டில் ஏறக்குறைய 30 சதவீதம், 133 மில்லியன் டொலர், குறைத்தது. அகதி, குடிவரவு வழக்குகளுக்கு மாகாணக் காசு ஒரு சதமும் இல்லை என்றும் அறிவித்தது. அந்த ஓகஸ்டில் மத்திய அரசு 25.7 மில்லியன் கொடுத்துத்தான் அந்தப் பக்கம் மூச்சு விட்டது. அடுத்த வெட்டு எப்போது விழும் என்று தெரியாத கத்தரிக்கோலுக்குக் கீழே இருக்கிற சேவைக்கு முழுப் புள்ளி போட எனக்கு மனம் வரவில்லை.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு ஒன்றை, தீர்ப்புக்கு முதலே முடித்துச் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார் லோயர். முணுமுணுத்துக்கொண்டு போய் முடித்தான். கடிதங்களும் அதுவும் சேர்ந்ததில், வெறும் தாக்குதல் என்ற பெயருக்கு அரச வழக்கறிஞர் இறங்கி வந்தார். வட்டம் போட்ட அதே பெயர். ஒத்துக்கொண்டான். மறியல் இல்லை, நன்னடத்தைக் காலம், காயம் பட்டவனுக்குக் கிட்டப் போகக்கூடாது. உச்சம் ஐந்து வருடக் குற்றம், மறியலும் இல்லை என்பதால் 36 ஆம் பிரிவின் இரண்டு வழியிலும் அவன் மாட்டவில்லை. ஆலோசகருக்குக் கட்டிய முற்பணம் மட்டும் திரும்பி வரவில்லை.

நன்னடத்தைக் காலம் ஓடுகிற வரை குடியுரிமை தரமாட்டார்கள். ஐந்து வருடத்தில் 1,095 நாள் அந்த நாட்டில் இருந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், நன்னடத்தை நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. எந்தத் தேதியில் விண்ணப்பிக்கலாம் என்று நானே கூட்டிப் பார்த்துத் தங்கச்சிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை "அடுத்த வருஷம்" என்று தகப்பன் வாய் திறந்தால் எனக்குக் கோல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.